நீ கேட்ட கேள்விக்கு

ஒரத்தநாடு வட்டம்,
பங்குனி 20.

அன்பு மகள் பூங்குழலிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தை யாழினியும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஐயனாரை வேண்டிக்கொள்கிறோம். ஆய்வகத்தில் உனக்கு வேலை கூடுதலாக இருக்கும் என்று அம்மா சொல்கிறாள். அதனால் தொலைபேசியில் தொந்தரவு செய்யாமல் கடிதமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நீ கவலைப்படக் கூடாது என்பதற்காக, மாசியில் நம் வைக்கோல் போர் எரிந்த பிறகு இங்கே செய்திருக்கும் ஏற்பாடுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாடுகளுக்காக மேலையூர்க்காரரிடம் வாங்கிய நாற்பது வைக்கோல் கட்டுகளையும் ஒரே போராகப் போடாமல், இருபது இருபதாக இரண்டு இடங்களில், கொட்டகையிலிருந்து நூறு அடிக்கு அப்பால், மின்கம்பி மேலே போகாத இடமாகப் பார்த்து அடுக்கியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் சுற்றிப் பத்தடி அகலத்துக்குப் புல்லும் சருகும் இல்லாமல் மண் தெரியும்படி கொத்திச் சுத்தம் செய்தாயிற்று. கொல்லையில் கிடந்த தென்னை மட்டை, பாளை, பன்னாடை எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டேன். பழைய உரச் சாக்குகளில் மணல் நிரப்பிக் கொட்டகையின் இரண்டு பக்கமும் வைத்திருக்கிறேன். இரண்டு டிரம்மில் தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்கிறது. தென்னை மரத்தில் சிம் கார்டு போட்ட சூரிய ஒளிக் கேமரா ஒன்றைக் கட்டியிருக்கிறோம். ஆள் நடமாட்டம் இருந்தால் என் கைப்பேசியில் மணி அடிக்கும். பாதி இரவு அது நாய்க்கும் பூனைக்கும் அடிக்கிறது, இருந்தாலும் ஒவ்வொரு முறையும் எழுந்து பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

தண்ணீர்தான் பெரிய கவலை. மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடிவிட்டால் ஜூன் 12 வரைக்கும் புது ஆற்றில் மணல்தான். மும்முனை மின்சாரம் இரவில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வராத நேரத்தில் ஆழ்குழாய்க் கிணறு இருந்தும் இல்லாததுபோலத்தான். தீ வைப்பவன் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் மாசி, பங்குனியில் வைப்பான் என்று ஊரில் சொல்கிறார்கள். ஒரு டீசல் என்ஜினை வாடகைக்கு எடுத்துக் குட்டைக் கரையில் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ ஊருக்கு வந்தால் மறக்காமல் இதைக் கவனிக்க வேண்டும்: மாட்டை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகத்தான் கட்ட வேண்டும். அன்று இரவு உன் அம்மா கன்றுக்குட்டியின் கயிற்றை அவிழ்க்க முடியாமல் பட்ட பாட்டை நான் பார்த்தேன். பனியில் நனைந்து இறுகிப்போன முடிச்சு அது. அவள் பல்லால் கடித்து இழுத்தாள். கடைசியில் நான் அரிவாளால் அறுத்தேன், அதற்குள் கன்றின் இடது காதின் நுனி கருகிவிட்டது. இப்போது புண் ஆறிவிட்டது, ஆனால் அம்மா அடுப்புக்குத் தீக்குச்சி கிழித்தால்கூட அது தலையைத் திருப்பிக்கொண்டு பின்னால் போகிறது.

சித்திரை விடுமுறைக்கு யாழினியை அழைத்து வருவதாகத் தை மாதம் சொல்லியிருந்தாய். வா, வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் குழந்தையைத் திண்ணையில் படுக்க வைக்க வேண்டாம், நடுக்கட்டில்தான் படுக்க வேண்டும். கொல்லைக் கதவைத் தாழிட்டால் சாவியைக் கதவிலேயே விட வேண்டும், எடுத்து வைக்கக் கூடாது. 101, 112 இரண்டையும் குழந்தைக்கும் சொல்லிக் கொடு. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு இரண்டு எண்கள் தெரிந்திருப்பதில் தவறில்லை. உனக்கு நான்கு வயதில் பதினாறாம் வாய்ப்பாடு தெரியும், ஊரையே கூட்டிவைத்துச் சொல்ல வைத்தேன், நினைவிருக்கிறதா? குழந்தையைத் திண்ணையில் மட்டும் படுக்க வைக்காதே.

உன் மீது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நீ என்னோடு பேசி நாற்பது நாட்கள் ஆகப் போகின்றன. அம்மாவிடம் பேசும்போது 'அப்பா சாப்பிட்டாரா' என்று கேட்கிறாயாம், கைப்பேசியை என்னிடம் கொடுக்கச் சொல்வதில்லையாம். இந்த நிலத்தை வைத்துத்தான் உன்னைத் திருச்சியில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தேன். கஜா புயலில் நூற்றுப்பத்துத் தென்னை ஒரே இரவில் சாய்ந்தபோதும் உன் படிப்புக்குப் பணம் ஒரு நாள் தவறியதில்லை. அந்த நிலத்தில் தீ விழுந்தபோது மகள் பக்கத்தில் நிற்பாள் என்று எதிர்பார்த்தேன். இதை எழுதியிருக்கக் கூடாது, எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அன்று நடந்ததை நீ முழுதாகக் கேட்கவில்லை. மாசி 12, இரவு ஒன்றரை மணி இருக்கும். சுவர் சிவப்பாக இருக்கிறது என்று சொல்லி அம்மாதான் எழுப்பினாள். நாங்கள் கொல்லைக்கு ஓடியபோது போரின் நடு உச்சி உள்வாங்கி, அந்தக் குழிக்குள்ளிருந்து தீ மேலே வந்துகொண்டிருந்தது. ஒரத்தநாட்டிலிருந்து தீயணைப்பு வண்டி விரைவாகவே வந்துவிட்டது, ஆனால் நம் களத்துப் பாதை மதகில் திரும்ப முடியாமல் நின்று, அவர்கள் அங்கிருந்து குழாயை இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. அந்த மதகை அகலப்படுத்த வேண்டும் என்று பத்து ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. ஏன் நடக்கவில்லை என்பது உனக்குத் தெரியும், உன் சித்தப்பா உயிரோடு இருந்தபோதே அது நின்றுபோன பேச்சு.

மறுநாள் காலை நான் மனு எழுதினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆடியில் மோட்டார் கொட்டகை எரிந்ததை முதல் பக்கத்தில் எழுதினேன். அதில் எனக்கு இன்றைக்கும் ஐயமில்லை. பாதி உருகிய பெட்ரோல் கேனை நானே கையில் எடுத்தேன், வைத்தது யார் என்பது மட்டும் தெரியவில்லை. இரண்டாவது பக்கத்தில் களத்துமேட்டு மூன்று மா நிலத் தகராறையும், அளவைக்காரர் வந்த அன்று கோயில் வாசலில் 'இந்த நிலம் யாருக்கும் ஆகாமல் சாம்பலாகத்தான் போகப் போகிறது' என்று உன் சித்தப்பா மகன் செந்தில் சொன்ன வார்த்தையையும் எழுதினேன். அத்தனை பேர் கேட்க அவன் சொன்ன வார்த்தை அது, நான் கற்பனை செய்ததில்லை. அதன் கீழே, தீப்பிடித்த சில நிமிடங்களிலேயே அவன் டீசல் என்ஜினோடு வந்து நின்றது எப்படி என்று ஐயமாக இருப்பதாகவும் எழுதினேன். மனுவை வாங்கிய எழுத்தர் கையெழுத்து முத்து முத்தாக இருப்பதாகப் பாராட்டிவிட்டு, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த கை. அதைத்தான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

செந்திலை மூன்று முறை விசாரணைக்கு அழைத்தார்கள். ஒரு நாள் காலையிலிருந்து இருட்டும்வரை நிலையத்து வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்களாம். புதிய சட்டத்தில், நியாய சன்ஹிதாவின் 326ஆம் பிரிவில், விளைபொருளுக்குத் தீ வைத்தால் ஏழு ஆண்டுவரை தண்டனை. வீட்டையோ பொருள் வைக்கும் கட்டடத்தையோ எரித்தால் ஆயுள் தண்டனைவரை போகும். எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி அழுத்தம் கொடுங்கள் என்று எனக்கு ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. நானும் ஒரு வக்கீலைப் பார்க்கத் தஞ்சாவூர் போய் வந்தேன்.

நம் பக்கத்தில் ஒருவனைத் தீ வைத்தவன் என்று சொல்வது சாதாரணப் பேச்சு ஆகாது. 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோன மண் இது. அந்தச் செய்தி ஊருக்கு வந்த நாளில் உன் தாத்தா சாப்பிடாமல் எழுந்துபோனதைச் சிறுவனாக நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த நான்தான் என் தம்பி பெற்ற பிள்ளையின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

தீப்பிடித்த மறுநாள் தொலைபேசியில் நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். 'வைக்கோல் நன்றாகக் காய்ந்திருந்ததா, அப்பா?' என்றாய். 'எனக்கே நீ பாடம் சொல்ல வருகிறாயா' என்று கத்திவிட்டுத் தொடர்பைத் துண்டித்தேன். அதன் பிறகு நீ கேட்கவில்லை.

காயவில்லை, அம்மா.

அறுவடை முடிந்த மறுநாள் மழை பெய்தது உனக்குத் தெரியும். இரண்டு நாள் பிரித்துப் போட்டு உலர்த்தாமல் கட்ட வேண்டாம் என்று கட்டுப் போடும் இயந்திரக்காரரே சொன்னார். ஆனால் மறுபடி மழை என்று வானொலியில் சொன்னார்கள், இயந்திரமும் அடுத்த ஊருக்குக் கிளம்ப இருந்தது. செந்தில், அவனுடைய சிமெண்டுக் களம் காலியாகத்தான் கிடக்கிறது, பெரியப்பா அங்கே கொண்டுவந்து உலர்த்திக்கொள்ளட்டும், தார்ப்பாயும் தருகிறேன் என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினான். அந்தக் களத்தில் நான் கால் வைப்பதா என்று மறுத்துவிட்டேன். தை 18 அன்று ஈரத்தோடு கட்டி, ஈரத்தோடு அடுக்கி, மழைக்குப் பயந்து மேலே தார்ப்பாயும் போட்டு மூடினேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை எருக்குழிக்கு அழைத்துப்போய், குழிக்குள் கையை விடச் சொல்லி, ஈரமான தழையில் நுண்ணுயிர்கள் பெருகும்போது சூடு உண்டாகிறது என்று ஆண்டுதோறும் பாடம் நடத்தியவன் நான். அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் போருக்குள் அடைபட்டால் இரண்டு, மூன்று வாரங்களுக்குப் பிறகு தானாகவே பற்றிக்கொள்ளக் கூடும் என்பதும் எனக்குத் தெரியாததில்லை. மாசி பிறந்த வாரத்தில் விடியற்காலையில் போரின் உச்சியிலிருந்து ஆவி போல எழும்பியது. பனி என்று அம்மாவிடம் சொன்னேன். பிறகு ஒரு வாசனை வந்தது, வெல்லப் பாகு அடிபிடித்தது போலவும் புகையிலை போலவும் இருந்தது. மாசி 3 அன்று யாரும் இல்லாத நேரத்தில் கடப்பாரையைப் போரின் நடுவே செருகி, கால் மணி நேரம் கழித்து உருவினேன். முனையைப் பிடித்த உடனே விட்டுவிட்டேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. மண்வெட்டிப் பிடி பட்டது என்று வீட்டில் சொன்னேன்.

அன்றே போரைப் பிரித்திருக்க வேண்டும், அதுவும் தண்ணீரையும் ஆட்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பிரிக்கும்போது காற்றுப் பட்டாலே பற்றிவிடும் என்பதால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வாத்தியார் ஈர வைக்கோலைப் போர் போட்டார் என்று ஊர் பேசும், செந்தில் சொல்லியனுப்பியதும் எல்லாருக்கும் தெரிந்துபோகும். ஒன்பது நாள் சும்மா இருந்தேன். அந்த ஒன்பது நாளும் உன் அம்மா இரவில் அந்தப் போரைத் தாண்டித்தான் கொட்டகைக்குப் போய் வந்தாள்.

தீயை அணைத்த பிறகு நிலைய அலுவலர் போரைக் கிளறிக் காட்டினார். நடுவில் கரியாகிப்போயிருந்தது, வடக்குப் பக்கத்து வெளிக்கட்டுகள் மஞ்சள் மாறாமல் அப்படியே இருந்தன. வெளியே வைத்த தீ இப்படி எரியாது, ஈரமாக அடுக்கினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்போது செந்தில் தலையிலிருந்து கால்வரை நனைந்து, என்ஜினை நிறுத்திவிட்டுக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நான் சொன்னது அவன் காதில் விழுந்தது. என்னைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. அவன் பேசிவிடுவானோ என்ற பயத்தில்தான் மறுநாள் காலையிலேயே மனு எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் மனு எழுதியபோது நான் எழுதியதை நானே நம்பினேன் என்பதும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மாவிடம் நேற்று இரவு சொன்னேன். என் கையை இழுத்து உள்ளங்கையைப் பார்த்தாள், பிறகு எழுந்துபோய்க் கேமராவை அணைத்துவிட்டு வரச் சொன்னாள். அது செந்தில் வீட்டுச் சந்துப் பக்கம் பார்த்துத்தான் கட்டப்பட்டிருந்தது. மோட்டார் கொட்டகையை எரித்தவன் யாரோ இன்னும் வெளியில் இருக்கிறான், அதனால் அணைக்காமல் கொட்டகைப் பக்கமாகத் திருப்பிக் கட்டினேன்.

நாளை திங்கட்கிழமை. காவல் நிலையத்துக்குப் போய், போர் எரிந்ததற்குக் காரணம் என் கவனக்குறைவுதான், செந்தில் மீது கூறிய ஐயத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். பொய்த் தகவல் கொடுத்ததற்காக என் மீது நடவடிக்கை எடுத்தாலும் எடுக்கலாம் என்று வக்கீல் சொல்கிறார், எடுக்கட்டும். அதற்கு முன்னால் செந்தில் வீட்டுக்குப் போக வேண்டும். இன்று மாலை மதகுவரை போனேன். உன் சித்தி வாசலில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்துதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். காலையில் அம்மாவும் உடன் வருகிறேன் என்றிருக்கிறாள்.

வழக்கு முடியும்வரை செந்திலிடம் பேசாதே என்று அம்மா மூலமாக உனக்குச் சொல்லியனுப்பியிருந்தேன். அதை நீ கேட்டாயோ இல்லையோ தெரியாது. இனி பேசலாம். நான் எழுதியிருப்பதை அப்படியே அவனிடம் சொல்லலாம், எதையும் குறைத்துச் சொல்ல வேண்டாம்.

சித்திரையில் எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று தெரிந்தால், நான் வந்து அழைத்துக்கொள்ள வசதியாக இருக்கும். யாழினி நடுக்கட்டிலேயே படுக்கட்டும்.

அன்புடன்,
அப்பா