நம்பிக்கை மையத்து அக்காவுக்கும், கூட நின்றவர்களுக்கும்

அன்புள்ள அக்காவுக்கு, களப்பணி அண்ணனுக்கு, எங்கள் மாஸ்டருக்கு,

காரைக்குடி வட்டாரத்தில் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிற செட்டில் நானும் ஒருவன். ஆண்கள் மேல் ஈர்ப்பு உள்ளவன். எச்.ஐ.வி.க்கு மாத்திரை எடுத்துக்கொண்டு நலமாக இருக்கிறேன். பெயர் போடவில்லை. எழுதுவது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

அக்கா, உங்களிடம் வருவதற்கு முன்னால் வேறோர் இடத்தில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்தேன். அங்கே முடிவை வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி சொன்னார்கள். உடம்பெல்லாம் கூசிப்போய்த்தான், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்கு வந்தேன். நீங்கள் கதவைச் சாத்திவிட்டு, “உறவு ஆண்களோடயா, பெண்களோடயா, ரெண்டு பேரோடயுமா?” என்று, சர்க்கரை இருக்கிறதா என்று விசாரிக்கிற அதே குரலில் கேட்டீர்கள். அந்தக் கேள்விக்காகவே இந்த மடலை எழுதலாம். எங்களில் பலர் டாக்டரிடம்கூட “பொம்பளைங்ககிட்ட போனேன்” என்றுதான் சொல்கிறோம். மானம் போய்விடுமே என்ற பயம். அப்புறம் கிடைக்கிற ஆலோசனை எங்களுக்கு எப்படி உதவும்? ஆசனவழி உறவில் கிருமி எளிதாகத் தொற்றும் என்பதும், தேங்காய் எண்ணெய் பட்டால் ஆணுறை பலமிழந்து கிழியும், தண்ணீரில் கரையும் ஜெல்தான் வேண்டும் என்பதும் உங்களிடம் உண்மையைச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அண்ணே, நம் ஊர்ப்பக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் என்று எங்கே போனாலும் ஒரு சொந்தக்காரர் எதிரில் வருவார். ஆணுறை வாங்க மெடிக்கலுக்குள் நுழையவே கால் வராது. நீங்கள்தான் வண்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தீர்கள், எத்தனையோ பேரைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனீர்கள். 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் எங்கள் உறவு குற்றமில்லை என்று சொன்னது. அதற்கு முன்னால் பையில் ஆணுறை இருந்ததற்கே மிரட்டு வாங்கியவர் நீங்கள். அப்போதும் இந்த வேலையை விடவில்லை. வீட்டார் வற்புறுத்தலில் கல்யாணம் கட்டிக்கொண்ட ஒரு நண்பனிடம் பொறுமையாகப் பேசி, அவனும் அவன் மனைவியும் சேர்ந்தே பரிசோதனைக்கு வரும்படி செய்தீர்களே, அதை நான் மறக்கவே மாட்டேன்.

மாஸ்டர், என் சங்கதி உங்கள் காதுக்கு வந்ததும் கணக்கை முடித்து அனுப்பிவிடுவீர்கள் என்றே நினைத்தேன். நீங்கள் நேரே டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தீர்கள். சமைப்பதாலோ சேர்ந்து சாப்பிடுவதாலோ பரவாது என்று தெரிந்துகொண்டு, செட்டில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னீர்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு வெள்ளைப் பணியாரச் சட்டி வழக்கம்போல என்னிடம்தான் வந்தது. எச்.ஐ.வி. இருப்பதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது, 2018-ல் நடைமுறைக்கும் வந்தது. உங்களுக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது. தெரியாமலே சரியானதைச் செய்தீர்கள்.

ஆத்தாவுக்கும் நன்றி. அவருக்கு விஷயம் பாதிதான் தெரியும். ஆனால் ராத்திரி மாத்திரை போட்டாச்சா என்று கேட்காமல் படுக்க மாட்டார்.

1986-ல் சென்னையில் இந்தக் கிருமியை இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமனையும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவையும் நினைத்துக்கொள்கிறேன். 2004-லிருந்து அரசு இலவசமாகக் கொடுக்கும் மருந்தில்தான் என்னைப் போன்றவர்கள் வாழ்கிறோம். மாத்திரையை விடாமல் எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உறவின் மூலம் அடுத்தவருக்குத் தொற்றாது. ஐரோப்பாவில் ஏறத்தாழ 800 ஆண் ஜோடிகளிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. மருந்து எடுத்துக்கொண்ட துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. அக்கா இதைச் சொன்ன அன்றுதான் நான் பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

இதைப் படிக்கிற தம்பிகளுக்கு ஒன்று. பரிசோதனைக்குக் காசு கிடையாது, முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள். ஆணுறை கிழிந்து பயமாக இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடுகிற தடுப்பு மருந்து இருக்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 1097-க்கு இலவசமாகப் பேசலாம். தனியாகப் போகத் தயக்கமா? அண்ணனிடம் சொல்லுங்கள், கூட வருவார். முகூர்த்தம் இல்லாத நாளென்றால் நானும் வருகிறேன்.

நன்றியுடன்,
பணியாரச் சட்டிக்காரன்