யுகட்டான்ல இருந்து கலாவுக்கு

கலா,

உன் மெயில் வந்து நாளாச்சு, பதில் போட லேட்டாயிடுச்சு, கோச்சுக்காதடி. நீ ஹெச்எம் ஆனதுல எனக்கு அவ்ளோ சந்தோஷம், அதுலயும் ஹெச்எம் ஆன பிறகும் ஒன்பதாம் கிளாஸ் ஜியாக்ரஃபிய விட மாட்டேன்னு பிடிவாதமா கையில வச்சிருக்க பாரு, அதான் நீ. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும்தான் நிம்மதியாச்சு, மாடிப்படி மட்டும் இப்போதைக்கு ஏற விடாத. இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், நிலத்தடி நீர் வேலை பாட்டுக்கு போயிட்டு இருக்கு, ஏப்ரல் மே வெயில்தான் ஆளை உருக்கி எடுத்துடுது.

நீ இருக்கிற ஸ்டேட்ட பத்தி பசங்களுக்கு சொல்ற மாதிரி எழுதுன்னு கேட்டிருந்த. பசங்களுக்கு எவ்ளோ சொல்லணும்னு நீயே பாத்துக்க, நான் உனக்கு எழுதுறேன்.

யுகட்டான் மெக்சிகோவோட தென்கிழக்குல இருக்கிற ஒரு ஸ்டேட். முதல்ல கவனிக்க வேண்டியது இங்க ஆறே கிடையாது. மொத்த ஸ்டேட்டுலயும் தரை மேல ஓடுற ஒரு நதி இல்ல, சுமார் 39,000 சதுர கிலோமீட்டர், 2020 சென்சஸ்படி 23 லட்சம் ஜனம், ஆனா மேப்ல ஒரு நீலக் கோடு வரைய முடியாது. காரணம் பாறை. எல்லாம் சுண்ணாம்புக் கல்லு, ஒரு காலத்துல கடலுக்கு அடியில இருந்த தரை, மழை பெய்ஞ்சா பாறை இடுக்கு வழியா நேரா கீழ இறங்கிடும். தெற்குப் பக்கம் பூக்னு ஒரு சின்ன குன்று வரிசை, அதுவும் 200 மீட்டர் அளவுதான், மத்ததெல்லாம் தட்டை. தண்ணியெல்லாம் பூமிக்கு அடியில குகை குகையா ஓடுது, குகையோட கூரை எங்க இடிஞ்சு விழுதோ அங்க ஒரு பள்ளம், உள்ள தெளிஞ்ச தண்ணி. அதுக்குப் பேரு செனோட்டே. இந்த ஊர் ஜனங்களுக்கு ஆயிரக்கணக்கான வருஷமா கிணறு, குளம், கோயில் மூணுமே அதுதான்.

உன் பசங்க கண்டிப்பா வாய பொளந்து கேக்கப்போற விஷயம் ஒண்ணு இருக்கு. டைனோசர் அழிஞ்சதுக்குக் காரணம்னு சொல்ற அந்த விண்கல் 6 கோடியே 60 லட்சம் வருஷம் முன்னாடி விழுந்தது இங்கதான், சிக்சுலூப்னு ஒரு மீன்பிடி கிராமம், அதை ஒட்டித்தான் பள்ளத்தோட நடுமையம். 180 கிலோமீட்டர் அகலப் பள்ளம், பாதி நிலத்துக்கு அடியில பாதி கடலுக்கு அடியில புதைஞ்சு கிடக்கு, மேல நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. எண்ணெய் தேடுன பெமெக்ஸ் கம்பெனியோட சர்வே டேட்டாவுல 1970கள் கடைசியிலதான் அந்த வட்டம் கண்ணுல பட்டுச்சு, அப்புறம் உறுதியா நிரூபிக்க 1991 ஆயிடுச்சு. இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா செனோட்டே எல்லாத்தையும் மேப்ல புள்ளி வச்சுப் பாத்தா பள்ளத்தோட விளிம்பு மேலயே ஒரு அரை வட்டமா வரிசை கட்டி நிக்குது. கீழ உடைஞ்ச பாறை இன்னைக்கும் தண்ணிக்கு வழி காட்டிட்டு இருக்கு, இந்த மண்ணோட பூர்வகுடி மாயா ஜனங்க ஊர் அமைச்சதும் அந்தத் தண்ணிய வச்சுத்தான்.

மாயான்னதும் ஒண்ணு சொல்லணும், இத நீ கிளாஸ்ல சொல்லியே ஆகணும். "மாயா நாகரிகம் மறைஞ்சு போச்சு"ன்னு நாம படிச்சோம்ல, அது தப்புடி. பெரிய நகரங்கள் கைவிடப்பட்டது உண்மை. ஜனங்க எங்கயும் போகல. இந்த ஸ்டேட்ல மட்டும் 5 லட்சத்துக்கு மேல ஆளுங்க மாயா பாஷை பேசுறாங்க. நான் காய்கறி வாங்குற மார்க்கெட்ல எம்ப்ராய்டரி போட்ட வெள்ளை அங்கி, உயிப்பில்னு பேரு, அத உடுத்தி பூசணி விதையும் ஆபனேரோ மிளகாயும் குவிச்சு வச்சு உக்காந்திருக்கிற அக்கா பக்கத்து கடைக்காரம்மாகிட்ட பேசுறது மாயா, என்கிட்ட விலை சொல்றது ஸ்பானிஷ்.

நகரங்கள் ஏன் கைவிடப்பட்டதுன்னா ஒரே காரணம்னு சொல்ல முடியாது, சண்டை இருந்திருக்கு, அரசியல் இருந்திருக்கு, ஆனா தண்ணி பெரிய காரணம். பூக் குன்றுப் பக்கம் உஷ்மால்னு அற்புதமான நகரம், அங்க நிலத்தடி நீர் ரொம்ப ஆழம், செனோட்டேவும் இல்ல, அதனால பாறைய பாட்டில் வடிவத்துல குடைஞ்சு உள்ள சுண்ணாம்பு பூசி மழைத்தண்ணிய சேமிச்சிருக்காங்க, வீட்டு முற்றமே சரிவா வாய்ப்பக்கம் சாய்ஞ்சிருக்கும், பெய்யுற மழை எல்லாம் அதுல போய் விழும். கட்டடம் முழுக்க நீண்ட மூக்கு வச்ச சாக் முகம், அவர்தான் மழை தெய்வம். மழையை மட்டுமே நம்பின ஊர், 9ம் 10ம் நூற்றாண்டுல மழை பொய்ச்சது. இது கதை இல்ல, தேக்கோ ஊர்ல ஒரு குகையில வளர்ந்த சுண்ணாம்புத் தூண அறுத்து அடுக்கடுக்கா பாத்தப்போ திரும்பத் திரும்ப வறட்சி வந்தது தெரிஞ்சிருக்கு. செனோட்டே இருந்த சிச்சென் இட்சா நகரம் கொஞ்சம் தாக்குப்பிடிச்சது, அதுக்கு அப்புறம் மாயப்பான்னு இன்னொரு நகரம் தலைதூக்கி, அதுவும் 15ம் நூற்றாண்டு நடுவுல உள்சண்டையில விழுந்துச்சு. ஸ்பானிஷ்காரன் வந்தப்போ இங்க ஒரே ராஜா கிடையாது, சின்னச் சின்ன நாடுகளா பிரிஞ்சு ஒருத்தரோட ஒருத்தர் பகையா இருந்தாங்க.

அதனாலயே பிடிக்கிறது சுலபமா இருக்கல. மத்திய மெக்சிகோவுல அஸ்டெக் தலைநகர் 1521லயே விழுந்துடுச்சு, இங்க மொன்டேஹோங்கிற ஸ்பானிஷ் படைத்தலைவர் 1527ல ஆரம்பிச்சு தோத்து தோத்து கடைசியில அவரோட பையன் 1542 ஜனவரி 6ம் தேதி 'தோ'ங்கிற மாயா நகரத்து இடிபாட்டு மேல இப்போ ஸ்டேட் தலைநகரா இருக்கிற மெரிடாவ நிறுவினான். பிரமிட் கல்லையே பேத்து எடுத்து கதீட்ரலும் வீடுகளும் கட்டினாங்க. மானி ஊரோட ஷியூ வம்சம் ஸ்பானிஷ் பக்கம் சேர்ந்தது, சொத்துத்தாவோட கொக்கோம் வம்சம் எதிர்த்தது. அதே மானியில 1562 ஜூலை 12ம் தேதி தியேகோ தெ லாந்தாங்கிற பாதிரி மாயா ஏடுகளையும் சிலைகளையும் குவிச்சு எரிச்சார், அதுக்கு முன்னாடி சந்தேகப்பட்டவங்கள கட்டித் தொங்கவிட்டு சித்திரவதை பண்ணாங்க. மொத்த மாயா உலகத்துக்கும் சேத்து இன்னைக்கு நாலே ஏடுதான் மிச்சம். நான் அந்த மானி மடத்து முற்றத்துல நின்னப்போ எனக்கு கோவத்துல பேச்சே வரல கலா. அந்த லாந்தாவே பின்னாடி எழுதி வச்ச குறிப்புதான் 1950கள்ல சோவியத் யூனியனோட ஆராய்ச்சியாளர் யூரி க்னோரொஸோவ் மாயா எழுத்தப் படிக்க வழி திறந்தது, அதுக்காக அவரை மன்னிக்க எனக்கு மனசு வரல.

தங்கமோ வெள்ளியோ இங்க இல்ல, மண்ணும் கொஞ்சம்தான், கல்லு இடுக்குல ஒரு சாண் செம்மண், ஏர் ஓட்ட முடியாது, குச்சியால குழி போட்டு சோளம், பீன்ஸ், பூசணி சேத்து விதைப்பாங்க. ஆக இங்க சுரண்ட இருந்தது மனுஷ உழைப்புதான். பருத்தித் துணி, தேன்மெழுகுன்னு வரியா வாங்கினாங்க, 19ம் நூற்றாண்டுல அது எனெக்கென்ங்கிற நார்ச்செடி ஆச்சு. நம்ம ஊர் ரயில் பாதை ஓரமா நிக்குமே ரயில் கத்தாழை, அந்தக் குடும்பம்தான், கத்தி மாதிரி மடல், ஓரத்துல முள்ளு. நட்டு ஆறேழு வருஷம் கழிச்சுத்தான் முதல் வெட்டு. ஒரு பழைய எஸ்டேட்ல அந்த வேலைய கிட்ட இருந்து பாத்தேன், பெரியவர் ஒருத்தர் கீழ் மடல அடியோட வெட்டி, நுனி முள்ள ஒரு சீவு, ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு சீவு, அப்புறம் கட்டுல போட்டார், பேசிட்டே செஞ்சார், மடல் மட்டும் கண் இமைக்கிறதுக்குள்ள குவியுது. மிஷின்ல விட்டா பச்சை சாறு தெறிச்சு வெளிர் நாரு நீளமா வருது, வெயில்ல காயப் போட்டா பொன் நிறம்.

அமெரிக்காவுல கோதுமை அறுத்து கட்டுற மிஷின் வந்ததும் கயிறுக்கு கிராக்கி கூடி இந்த நாருக்கு காசு கொட்டிச்சு, மெரிடாவோட பசேயோ தெ மொன்டேஹோ ரோட்டுல நிக்கிற மாளிகை எல்லாம் அந்தக் காசு. வெட்டினவங்க கடன்ல பிணைக்கப்பட்ட மாயா கூலிங்க, எஸ்டேட் கடையிலயே கடன், அப்பா கடன் பையன் தலையில. பத்தாததுக்கு வடக்குல சொனோராவுல இருந்து யாக்கி பழங்குடி ஜனங்கள பிடிச்சு ஊரை விட்டு பெயர்த்து கொண்டு வந்தாங்க, 1905ல கொரியாவுல இருந்து ஆயிரம் பேரை கப்பல்ல கூட்டிட்டு வந்தாங்க. 1847ல வெடிச்ச மாயா எழுச்சி 1901 வரைக்கும் அணையாம இருந்ததுக்கு இந்த நில, வரிக் கொடுமைதான் வேரு. 1915ல சல்வதோர் அல்வராதோ கவர்னரா வந்து கடன் அடிமை முறைய ஒழிச்சார், 1937ல மெக்சிகோ ஜனாதிபதி கார்தெனாஸ் நிலத்தப் பங்கு போட்டார், ஆனா அதுக்குள்ள பிரேசில், கிழக்கு ஆப்பிரிக்கா நாரு போட்டிக்கு வந்துடுச்சு, அப்புறம் பிளாஸ்டிக் கயிறு. அரசு நார் கம்பெனிய 90கள் தொடக்கத்துல மூடினதோட அந்தக் காலம் முடிஞ்சது.

இப்ப வருமானம்னா மெரிடாவைச் சுத்தி ஃபேக்டரிங்க, டூரிஸ்ட், தேன், அப்புறம் பன்றிப் பண்ணை. பிரோக்ரெஸோ துறைமுகம் போனா கடலுக்குள்ள ஆறரை கிலோமீட்டர் நீளத்துக்கு பாலம், கடல் அவ்ளோ ஆழம் கம்மி, கப்பல் கிட்ட வர முடியாது.

பன்றிப் பண்ணைதான் என் தூக்கத்த கெடுக்குது. இங்க நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல ஒரு படலமா மிதக்குது, மெரிடாவுலயே சுமார் அம்பது மீட்டர் ஆழத்துக்குக் கீழ போனா உப்பு தட்டிடும். மேல கொட்டுற கழிவ வடிகட்ட மண்ணே இல்ல, கல்லு இடுக்கு வழியா நேரா அந்தப் படலத்துக்குள்ள. மெரிடாவுல பெரும்பாலான வீட்டுக்கு செப்டிக் டேங்க்தான், அதுவே போதாத கவலை. ஓமூன்னு ஒரு ஊர், செனோட்டே நிறைஞ்ச ஊர், அங்க 49,000 பன்னி வளர்க்க ஒரு பண்ணை வந்தப்போ ஊர் ஜனம் எதிர்த்து, சின்னப் பிள்ளைங்க பேர்ல கேஸ் போட்டு 2018ல தடை வாங்கினாங்க, 2021ல சுப்ரீம் கோர்ட்டும் அந்தத் தடைய உறுதி பண்ணிச்சு. உன் பசங்க வயசு பிள்ளைங்கடி, தண்ணி எங்களோடதுன்னு கோர்ட்ல நின்னிருக்காங்க. பக்கத்து குசமாவுல பழைய எனெக்கென் தண்டவாளத்துல குதிரை இழுக்குற டிராலியில உக்கார வச்சு செனோட்டே காட்டுறாங்க, எஸ்டேட்டுக்கு உழைச்சவங்க பேரப்பிள்ளைங்களுக்கு அந்தத் தண்ணிதான் இப்ப சோறு போடுது. அது கெட்டா வேற ஆறு கிடையாது இவங்களுக்கு.

மேப் போடுறப்போ ஒண்ணு கவனி. தீபகற்பம் மொத்தமும் யுகட்டான் ஸ்டேட் இல்ல, மேற்கே கம்பேச்சே, கிழக்கே கின்தானா ரோ, கான்குன் பீச் அந்தக் கிழக்கு ஸ்டேட்லதான் வருது. மூணையும் வேற வேற கலர்ல போடச் சொல்லு. செனோட்டே போட்டோ, அந்த பாட்டில் தொட்டியோட குறுக்குவெட்டு படம் எல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்புறேன், பசங்க என்ன கேள்வி கேட்டாலும் அப்படியே எழுதி அனுப்பு, தெரிஞ்சதுக்கு நானே பதில் எழுதுறேன், மத்தத இங்க ஆபீஸ்ல கேட்டு எழுதுறேன்.

உன்
மீனா