ஆறு வந்து சேரும் கடலில்

விக்டோரியா, கனடா
செப்டம்பர் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலம்தானே? முழங்கால் வலிக்குக் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் என்று தம்பி சொன்னான். தயவுசெய்து முழுவதும் சாப்பிட்டு முடியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை திமிங்கிலம் பார்க்கக் கடலுக்குப் போய்வந்தேன். போனில் சொல்லலாம் என்றால் நீங்கள் இரண்டு நிமிடத்தில் "காசு ஓடுகிறது, வை" என்பீர்கள். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

விக்டோரியா, வான்கூவர் தீவின் தெற்கு முனையில் இருக்கிறது. எதிரே இருப்பது ஜுவான் டி ஃபூகா நீரிணை. அக்கரை அமெரிக்கா, அங்குள்ள ஒலிம்பிக் மலைத்தொடர் இங்கிருந்தே தெரியும். இரண்டு நாடுகளின் எல்லையும் நடுத்தண்ணீரில் ஓடுகிறது. படகில் அதைச் சொன்னபோது எனக்கு நம்முடைய கடலும், எல்லை தாண்டினார்கள் என்று பிடித்துக்கொண்டு போன நம் ஆட்களும்தான் நினைவுக்கு வந்தார்கள்.

என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் தோழிதான் டிக்கெட் எடுத்திருந்தாள். காற்றடைத்த ரப்பர் விளிம்பு வைத்த வேகப்படகு. தலைமுதல் கால்வரை மூடும் தடித்த சிவப்பு உடுப்பு ஒன்றை மாட்டிவிட்டார்கள். அப்படியும் குளிர் எலும்பில் இறங்கியது. படகை ஓட்டியது ஒரு பெண். நடுத்தர வயது. தண்ணீரின் நிறத்தையும் சுழிப்பையும் பார்த்தே நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொன்னார். உங்களுக்கு அவரைப் பிடித்திருக்கும்.

முதலில் ரேஸ் ராக்ஸ் என்ற பாறைத்திட்டுக்குப் போனோம். 1860இல் கட்டிய கலங்கரை விளக்கம் கறுப்பும் வெள்ளையும் பட்டை போட்டு இன்னும் நிற்கிறது. அதைச் சுற்றிப் பாறை முழுக்கக் கடற்சிங்கங்கள். பெரிய ஆண் ஒன்று ஒரு டன் எடைவரை வளருமாம். அவை போடும் உறுமலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. கருவாடு காயாமல் கெட்டுப்போனால் வருமே, அந்த வாடை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

அங்கிருந்து கிழக்கே திரும்பிய பிறகுதான் ஓர்காக்களை, அதாவது கொலைத் திமிங்கிலம் என்பார்களே அவற்றைக் கண்டோம். முதலில் தெரிந்தது ஒரு முதுகுத் துடுப்பு. ஆண் ஓர்காவுக்கு அது ஆறடி உயரம்வரை வளரும். கறுப்பாக, நேராக எழும்பி, ஆடாமல் அசையாமல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. பிறகு தாய், அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே ஒரு குட்டி. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துத் தொலைவிலேயே படகை நிறுத்திக்கொண்டார். அதற்குமேல் நெருங்கச் சட்டம் இடம் தருவதில்லை.

ஒவ்வொன்றையும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. துடுப்பில் உள்ள வெட்டு, அதற்குக் கீழே சேணம் போட்டதுபோல் இருக்கும் சாம்பல்நிறத் திட்டு, இவை ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது. 1970களில் மைக்கேல் பிக் என்ற ஆய்வாளர் புகைப்படம் எடுத்து ஒவ்வொன்றாகக் கணக்கிட்ட பிறகுதான், இந்தக் கடலில் ஓர்காக்கள் இவ்வளவு குறைவு என்பதே வெளியே தெரிந்ததாம். நாங்கள் பார்த்த வகைக்கு இப்போது அவர் பெயர்தான். இவை மீனைத் தொடுவதில்லை. சீல், கடற்சிங்கம் போன்றவைதான் இரை. சீலுக்குக் காது கூர்மை. அதனால் வேட்டையின்போது இந்த ஓர்காக்கள் சத்தமே போடாது. சட்டென்று எல்லாம் மூழ்கின. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஓரிடத்தில் தண்ணீர் கொந்தளித்தது, கடற்பறவைகள் வந்து குவிந்தன. கிடைத்ததைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் என்று ஓட்டுநர் சொன்னார்.

அப்பா, நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகுதான்.

இதே கடலில் இன்னொரு வகை ஓர்கா இருக்கிறது. அது மீன் மட்டுமே தின்னும், அதிலும் பெரும்பாலும் சினூக் என்ற பெரிய சால்மன் மீனை. இரண்டு வகையும் ஒரே தண்ணீரில் திரிந்தாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இந்தப் பக்கத்தில் மீன் தின்னும் ஓர்காக்கள் ஏறக்குறைய 75தான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதால் சுற்றுலாப் படகுகள் அவற்றைத் தேடிப் போவதில்லை. 1960களிலும் 70களிலும் தொட்டிகளில் வைத்து வேடிக்கை காட்டக் குட்டிகளை வலைபோட்டுப் பிடித்துப் போனார்கள். இப்போது படகுகளின் இரைச்சல், தண்ணீரில் கலந்த நச்சு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பசி. 2018இல் டாலிக்வா என்று பேரிட்ட தாய், பிறந்தவுடன் இறந்துபோன குட்டியை 17 நாள் தலையில் தாங்கிக்கொண்டே நீந்தியது. ஓட்டுநர் இதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன். ஆற்றை மறித்தால் அதற்கு வழியில்லை. ஓட்டுநர் அக்கரை மலையைக் காட்டி, அங்கே எல்வா என்றோர் ஆறு இந்த நீரிணையில் வந்து விழுகிறது என்றார். 1913இல் ஓர் அணை, 1927இல் இன்னோர் அணை. இரண்டிலும் மீன் ஏற வழி வைக்கவில்லை. கடலிலிருந்து சில மைல் ஏறியதும் மீன் முட்டி நின்றது. அந்த ஆற்றங்கரையில் காலங்காலமாக வாழும் கிளாலம் பழங்குடி மக்கள் நெடுங்காலம் போராடினார்கள். 2011இல் தொடங்கி 2014க்குள் இரண்டு அணைகளையும் உடைத்து எடுத்துவிட்டார்கள். தேங்கிக் கிடந்த மணல் எல்லாம் கடலுக்கு வந்து கழிமுகம் மறுபடி உருவானது. சால்மன் மேலே ஏறத் தொடங்கியது. 2023இல் அந்த மக்கள் தங்கள் ஆற்றில் மறுபடி மீன் பிடித்தார்கள்.

செய்தியில் யாராவது "ஆற்று நீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்றால் நீங்கள் ரேடியோவை நிறுத்திவிடுவீர்கள். "வீணா? அது வந்தால்தானே எங்களுக்கு மீன்!" என்று கத்துவீர்கள். வைகை, ஆற்றங்கரை என்ற ஊரில் வந்து கடலைத் தொட்ட வருடங்களையெல்லாம் விரல்விட்டுச் சொல்வீர்கள். சின்ன வயதில் எனக்கு அது உங்கள் கோபமாக மட்டுமே தெரிந்தது. இங்கே படித்தவர்கள், சட்டம் இயற்றுகிறவர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். நம் ஊரிலும் கடலுக்கு இவ்வளவு தண்ணீர் என்று எழுதி வைக்க வேண்டும். விவசாயிக்கு ஒரு பங்கு இருப்பதுபோல் கடலுக்கும் ஒரு பங்கு. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

உல்லம் மீன் காவிரியில் எதிரேறிப் போகும் என்று ஐயா சொன்னதாக ஒருமுறை சொன்னீர்கள். 1934இல் மேட்டூர் அணை வருவதற்கு முந்திய கதை அது. அவர் சொன்னது வேறு ஏதாவது நினைவிருந்தால் தம்பியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அந்த ஓட்டுநரிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். அவருக்கும் கேட்க ஆசை.

திரும்பும் வழியில் கூன்முதுகுத் திமிங்கிலம் ஒன்றின் வாலைப் பார்த்தோம். இந்தக் கரையில் திமிங்கில வேட்டை 1967இல் நின்ற பிறகு அவை மெல்ல மெல்லத் திரும்பி வந்திருக்கின்றன. படங்களைத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

எஞ்சின் வேலைக்குப் பணம் அடுத்த வாரம் வந்துவிடும். வாடைக்காற்று தொடங்குவதற்குள் முடித்துவிடுங்கள். அம்மாவிடம் நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். இங்கே சால்மனில் புளிக்குழம்பு வைத்தேன், நன்றாகவே வந்தது.

உங்கள் அன்பு மகள்