மதினிக்கு, திங்கட்கிழமைக்கு முன்னாடி

மதினி,

திங்கட்கிழமை மூத்திரக்குழாய்ப் புத்துநோய் ஆபரேசனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னு அண்ணன் போன் பண்ணுச்சு. நிம்மதியாவும் இருக்கு, அழுகையாவும் இருக்கு.

அழகர் ஆத்துல இறங்கின அன்னிக்குப் பின்கட்டுக் குழாயடியில மஞ்சப் பாவாடையைக் கசக்கிக்கிட்டு இருந்தீங்க. ஒரு ரூபா காசளவு ரத்தம். "வெக்கை, நீர்க்கடுப்பு"ன்னீங்க. தீட்டு நின்னு வருசமானவங்களுக்கு ரத்தம் பட்டா உடனே பார்க்கணும்னு வார்டுல தினம் சொல்றவ நான். உங்களுக்கு மாத்திரையை நீட்டினேன். மூணு தடவை. மன்னிச்சிருங்க.

ஆனா "அங்கயெல்லாம் காட்ட மாட்டேன்"னு கதவைச் சாத்தினது நீங்கதானே? அப்புறம் காட்டின இடத்துல சதை வளர்ச்சின்னு களிம்பு கொடுத்தாங்க. வெளியில பார்க்கச் சாதாரணச் சதையும் புத்துநோயும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். துளி சதை எடுத்துப் பரிசோதிச்சாத்தான் தெரியும். எட்டு மாசம் போச்சு. வீட்டுல யார் என்ன சொன்னாங்கன்னு இங்க எழுதல, நம்ம ஆளுகளும் படிப்பாங்க.

பொம்பளைங்களுக்கு மூத்திரக்குழாய் மொத்தமே 4 சென்டிமீட்டர்தான். கட்டி வாசல்ல இருக்கும்போதே பிடிச்சா நுனியை மட்டும் வெட்டி, அடக்குற சக்தியைப் பெரும்பாலும் காப்பாத்திடலாம். உங்களுக்குப் புத்துநோய் மருந்து ஊசி போட்டும் கட்டி மூத்திரப்பைக் கழுத்தை விட்டு இறங்கல. அதனாலதான் பையையும் சேர்த்து எடுக்கிறாங்க. கர்ப்பப்பையோட இன்னும் கொஞ்சமும் போகும். அதை அண்ணனையும் வச்சுத் தனியாப் பேசுவோம்.

குடல்ல 15 சென்டிமீட்டர் போலத் துண்டெடுத்து, சிறுநீரகத்துல இருந்து வர்ற ரெண்டு குழாயையும் அதுல தைச்சு, மறுமுனையை வலது வயித்துல வெளிய கொண்டு வருவாங்க. அந்த வாயைத்தான் ஸ்டோமாங்கிறது, அது வழியா மூத்திரம் வயித்து மேல ஒட்டுற பையில விழும். உதட்டு உள்பக்கம் மாதிரி செவப்பா, ஈரமா இருக்கும். தொட்டா வலிக்காது. நூல் நூலா வெள்ளையா வந்தா பயப்படாதீங்க, அது குடலோட சளி.

ஒட்டுற பையை விடிஞ்சதும் காப்பி குடிக்கிறதுக்கு முன்னாடி மாத்தணும், அப்பத்தான் ஒழுக்கு கம்மி. பையோட ஓட்டையை ஸ்டோமாவை விட 2 மில்லிமீட்டர் மட்டும் பெருசா வெட்டணும். அகலமாப் போனா மூத்திரம் பட்டுத் தோல் வெந்துரும். முதல் ரெண்டு மாசத்துல ஸ்டோமா சுருங்கும், வாரா வாரம் அளக்கணும். தேங்காண்ணெய் வேணாம், பசை நிக்காது. பாதி நிறையிறதுக்குள்ள திறந்து விட்டுருங்க, கனத்தா இழுத்துப் பிரிச்சுரும். தண்ணி 2 லிட்டருக்குக் குறையக் கூடாது.

ஒண்ணை மட்டும் விட்டுக் கொடுக்காதீங்க. ஆபரேசனுக்கு முந்தின நாள் வயித்துல ஸ்டோமா வைக்கிற இடத்துக்குக் குறி போடுவாங்க. படுக்க வச்சு மட்டும் போட விடாதீங்க. உட்கார்ந்து, நின்னு, குனிஞ்சு காட்டுங்க. மடிப்புல விழுந்தா ஒழுகும், கொசுவம் சொருகுற இடத்துல விழுந்தா நசுங்கும். நான் பக்கத்துல நிக்கிறேன். நைட்டி வேணாம், நாடாப் பாவாடையும் சேலையும் கட்டிட்டு வாங்க.