குஷிக்கென் தொடர் முடிந்தது: கடன்பட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

ஓகினாவாவின் குத்துச்சண்டை வீரர் குஷிக்கென் யோக்கோவைப் பற்றி எட்டு மாதமாக ஞாயிறுதோறும் எழுதிவந்த தொடர் போன வாரத்தோடு முடிந்தது. வந்ததெல்லாம் என் பெயரில்தான். ஆனால் ஜப்பானிய நாளிதழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் நான். குத்துச்சண்டைக் கையுறையை முதன்முதலாக மாட்டியதே நாற்பத்திரண்டு வயதில். இந்த லட்சணத்தில் ஒரு உலகச் சாம்பியனின் கதையைச் சொல்லி முடித்தேன் என்றால், யார் யாரெல்லாம் முட்டுக்கொடுத்தார்கள் என்று சொல்லிவிடுவதுதான் முறை.

முதல் நன்றி, டோக்கியோவில் எங்கள் தெருமுனைப் பொதுக் குளியல்கூடத்துக்கு மாலை ஐந்து மணிக்குத் தவறாமல் வரும் ஒஜிசானுக்கு (நம்மூரில் 'மாமா' என்பதுபோல). வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்தபடி அவர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரியில்தான் தொடரே பிறந்தது: "குஷிக்கென்னும் இப்படி ஒரு குளியல்கூடத்தில் தொட்டி தேய்த்துக்கொண்டிருந்தவன்தான்." தேடிப் பார்த்தேன், உண்மைதான். 1955-இல் இஷிகாகித் தீவில் மீனவர் வீட்டில் பிறந்தவர். ஊரை விட்டு நாஹாவுக்கு வந்து கோனான் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். குளியல்கூடம் நடத்திய ஒருவரிடம் தங்கி, அங்கேயே வேலையும் பார்த்துக்கொண்டு படித்தார். பள்ளியில் அவருக்குக் குத்துச்சண்டை கற்றுத்தந்த கின்ஜோ ஷின்கிச்சி ஓகினாவாவில் பெரிய பெயர். ஓகினாவா அமெரிக்க நிர்வாகத்திலிருந்து ஜப்பானுக்குத் திரும்பியது 1972 மே 15-இல். அதற்கு முன் ஜப்பானின் பெருந்தீவுகளுக்குப் போக ஒரு ஓகினாவாப் பையனுக்குக் கடவுச்சீட்டு வேண்டும். அந்தத் தலைமுறை ஓகினாவாக்காரர்கள் அவரைச் சாம்பியனாக மட்டும் பார்க்காததற்கு இது ஒன்றே போதும். இதை எனக்குப் புரியவைக்க ஒஜிசானுக்கு நான்கு குளியல் பிடித்தது. பொறுமைசாலி.

அடுத்து, என் அலுவலக நண்பருக்கு. கல்லூரி நாட்களில் அமெச்சூர் ஆட்டக்காரர்; இப்போது தொப்பை. "குஷிக்கென் மாதிரி இடக்கைக்காரனின் குத்து ஏன் தெரியாமலே வந்து விழுகிறது?" என்று நான் கேட்டதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. மதிய இடைவேளையில் கூட்ட அறை மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு என்னை எதிரே நிறுத்தினார். என் இடது காலுக்கு வெளிப்பக்கமாகத் தன் வலது காலை வைத்தார். அவ்வளவுதான். அவருடைய இடது கை என் மூக்குக்கு நேர்கோட்டில் வந்துவிட்டது, என் வலது கையோ சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. "கால் சண்டை முடிந்த பிறகுதான் கைச் சண்டை" என்றார். மூன்றாம் வாரம் வந்த அந்தப் பகுதியைப் பலர் பாராட்டினீர்கள். பாராட்டு அவருக்குரியது, மூக்குவலி மட்டும் என்னுடையது.

குஷிக்கென் பட்டம் வென்ற எடைப்பிரிவைச் சொல்லவேண்டும். லைட் ஃப்ளைவெயிட், அன்றைய பெயர் ஜூனியர் ஃப்ளைவெயிட், உச்சவரம்பு 48.97 கிலோ. 1974-இல் அவர் தொழில்முறைக்கு வந்தபோது உலக அமைப்புகளில் இந்தப் பிரிவே இல்லை. அடுத்த ஆண்டுதான் வந்தது. அது வராமல் போயிருந்தால், அந்தச் சின்ன உடம்போடு தன்னைவிடப் பெரியவர்களிடம் மோதிக்கொண்டே காலம் போயிருக்கும். 1976 அக்டோபர் 10, கோஃபு நகரில், டொமினிக்கன் குடியரசின் ஹுவான் குஸ்மானை ஏழாவது ரவுண்டில் சாய்த்து டபிள்யூபிஏ (உலகக் குத்துச்சண்டைச் சங்கம்) பட்டத்தை எடுத்தார். தொழில்முறையில் அது அவருக்கு ஒன்பதாவது ஆட்டம்தான். வயது இருபத்தொன்று. பகலில் ஒரு டொங்கட்சுக் கடையில், பன்றிக் கட்லெட் பொரிக்கும் இடத்தில், வேலை பார்த்துக்கொண்டு கியோயே ஜிம்மில் பயிற்சி எடுத்தவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எடையைக் கட்டவேண்டிய ஆளுக்கு நாளெல்லாம் எண்ணெய் வாசம்!

இங்கேதான் என் மானம் போயிருக்கவேண்டியது, ஒரு வாசகர் காப்பாற்றினார். ஓகினாவாப் பேச்சில் குஷிக்கென் தான் 'கன்முரிவாஷி' ஆகவேண்டும் என்று சொன்னது அந்நாளில் பிரசித்தம். அதுவே பட்டப்பெயராகவும் ஒட்டிக்கொண்டது. நான் அதைக் 'கிரீடக் கழுகு' என்று எழுதிவைத்தேன். கோத்தகிரியிலிருந்து பறவை பார்க்கும் அன்பர் ஒருவர் அன்றிரவே எழுதினார்: "ஐயா, நீங்கள் சொல்வது ஆப்பிரிக்கப் பறவை. இது கொண்டைப் பாம்புக் கழுகு. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே தினமும் கத்திக்கொண்டு சுற்றுகிறது." சரிபார்த்தேன். அதே இனம்தான், இஷிகாகியில் இருப்பது சற்றுச் சிறியது. எட்டு மாதத்தில் நான் அதிகம் சந்தோஷப்பட்ட திருத்தம் இது. அன்பருக்கு நன்றி.

அந்தப் பேச்சுவழக்கைப் பிரித்துச் சொன்னவர் காய்கறிக்கடை ஒபாசான் (நம்மூர் 'அத்தை' மாதிரி), நாஹாக்காரர். குஷிக்கென் சொன்னதில் வரும் 'வன்' என்றால் ஓகினாவாவில் 'நான்'. "எங்கள் பள்ளிக்கூடத்தில் ஊர்ப்பேச்சு பேசினால் வாத்தியார் திட்டுவார், இவன் உலகப்பட்டம் வாங்கிவிட்டு ஊர்ப்பேச்சை அவிழ்த்துவிட்டான் பார்" என்று சொல்லும்போது ஒபாசான் பாகற்காயை நிறுப்பதையே மறந்துவிட்டார். அன்று எனக்கு இரண்டு பாகற்காய் கூடுதல்.

பதின்மூன்று முறை அவர் பட்டத்தைக் காத்த கதையைப் பத்து வாரம் இழுத்தேன், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, அதற்கும் நன்றி. இடையில் தொடர்ந்து ஆறு ஆட்டம் நாக் அவுட். ஜப்பானிய ஆண் வீரர்களில் அந்தப் பதின்மூன்றை எட்டப் பார்த்தவர் யமனகா ஷின்சுகே. பன்னிரண்டு முடித்து, 2017 ஆகஸ்டில் கியோட்டோவில் தோற்றார்.

பதினான்காவது முறை குஷிக்கென்னே தோற்றார். 1981 மார்ச் 8, ஓகினாவாவின் குஷிகாவா. உலகப் பட்டத்துக்காகச் சொந்த மண்ணில் அவர் நின்ற ஒரே ஆட்டம் அது. ஐந்து மாதம் முன்பு புள்ளியில் வென்றிருந்த அதே மெக்சிகோக்காரர் பெட்ரோ ஃப்ளோரஸ், பன்னிரண்டாவது ரவுண்டில், குஷிக்கென் பக்கத்து மூலையிலிருந்து, தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாக, துண்டு வீசும்படி செய்துவிட்டார். 24 ஆட்டம், 23 வெற்றி, 15 நாக் அவுட், ஒரு தோல்வி. அந்த ஒன்றோடு கையுறையைக் கழற்றிவிட்டார். ஒஜிசான் தன் பழைய ஒட்டுப்புத்தகத்தில் அந்த நாளின் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறார். செய்தித்தாள் வாங்கினேன், வெட்ட மனம் வரவில்லை என்றார்.

தொடரை அங்கேயே முடிப்பதாகத்தான் இருந்தேன். பயிற்சியாளர் குஷிக்கென்னுக்குப் பின்குறிப்பாக ஒரே ஒரு பகுதி என்பது என் கணக்கு. அதை மாற்றியவர் என் மனைவி. அவருக்குக் குத்துச்சண்டை பிடிக்காது. கைப்பிரதியைப் படித்துவிட்டு, "ஏங்க, இதுவரைக்கும் இவருக்கு மத்தவங்க செஞ்சதுதானே இருக்கு? இவர் யாருக்கு என்ன செஞ்சார்னு காணோமே" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

அதனால்தான் கடைசி ஆறு வாரம். 1995-இல் டோக்கியோவின் சுகினாமியில் ஷிராய்-குஷிக்கென் ஸ்போர்ட்ஸ் ஜிம் தொடங்கியது. பெயரில் முதலில் நிற்கும் ஷிராய் யோஷியோ, 1952-இல் ஜப்பானுக்கு முதல் உலகப் பட்டம் வாங்கித்தந்தவர். அவரைச் செதுக்கியவர் ஆல்வின் கான் என்ற அமெரிக்க உயிரியலாளர். முதுமையில் கானைக் கடைசிவரை தன்னிடமே வைத்துப் பார்த்துக்கொண்டவர் ஷிராய். தன் ஜிம்முக்கு அந்தப் பெயரை முன்னால் வைத்தாரே, குஷிக்கென்னின் குத்துகள் எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அதுதான். தொலைக்காட்சியில் அசடாகச் சிரித்து ஊரைச் சிரிக்கவைக்கும் மனிதர், ஜிம்முக்குள் நுழைந்ததும் வேறு ஆள். யமகுச்சி நவோகோ என்ற பெண் வீரர் அங்கிருந்து உலகப் பட்டம் வென்றார். ஆண்களில் ஒருவர் வர 2017 ஆயிற்று. ஹிகா டைகோ, ஓகினாவாவின் உராசோயேக்காரர், குஷிக்கென்னின் பழைய ஆட்டங்களைத் திரையில் பார்த்துக் கையுறை மாட்டியவர். அடுத்த பிப்ரவரியில் நாஹாவில் முதல் ரவுண்டிலேயே எதிராளியை நாக் அவுட் செய்தார், அதோடு தொடர்ந்து பதினைந்து நாக் அவுட் வெற்றி.

இரண்டே மாதத்தில், யோக்கோஹாமாவில், ஆட்டத்துக்கு முந்தைய நாள் எடைபார்ப்பில் 900 கிராம் கூடுதல். பட்டம் தராசிலேயே போயிற்று. ஜப்பானிய உலகச் சாம்பியன் ஒருவருக்கு அப்படி நடந்தது அதுவே முதல்முறை. 900 கிராம்தானே என்று நான் எழுதியிருந்தேன். மனைவி சமையலறைத் தராசில் அரிசியை அளந்து, ஒரு பையில் கட்டி என் கையில் கொடுத்தார். "வேர்வை வத்திப்போன உடம்புலேர்ந்து இன்னும் இவ்வளவு எடுக்கணும்." பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'தானே' என்ற சொல்லை அடித்தேன். மறுநாள் ஒன்பதாவது ரவுண்டில் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னவர் குஷிக்கென். முப்பத்தேழு வருடம் முன்பு தனக்காக விழுந்த துண்டை அந்த நேரம் நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. நினைத்தார் என்று முதல் வரைவில் கதை விட்டிருந்தேன், அதையும் மனைவிதான் அடித்தார்.

2020 ஜூலை கடைசியில் ஜிம்மை மூடினார். அறுபத்தைந்து வயது. அந்தப் பகுதிக்குத்தான் உங்களில் அதிகம் பேர் எழுதினீர்கள். பதில் போடாமல் விட்ட கடிதங்களுக்கு இங்கேயே மன்னிப்பு. இஷிகாகித் துறைமுகத்தில் அவருடைய சிலையருகே கையைத் தூக்கி நின்று படம் எடுத்து அனுப்பிய தம்பிக்குத் தனி நன்றி. நான் இன்னும் அந்தத் தீவுக்குப் போகவில்லை.

ஒஜிசான், உங்கள் ஒட்டுப்புத்தகத்தை வியாழக்கிழமை ஐந்து மணிக்குக் கொண்டுவருகிறேன். 1978-இன் மூன்றாவது பக்கத்தில் ஒரு தேநீர்க் கறை இருக்கும். அது ஏற்கெனவே இருந்தது இல்லை, நான் செய்தது. அன்றைய குளியல் காசு என்னுடையது.

வணக்கத்துடன்,
தொடரை எழுதியவன்