திறப்பு விழா முடிந்தது, திறப்பு யாரிடம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் பிரதேசச் செய்திப் பக்கத்தில் சனசமூக நிலையத் திறப்பு விழாப் படம் வராத மாதமே இல்லை. நாடா வெட்டுகிறார்கள், விளக்கேற்றுகிறார்கள், பொன்னாடை போர்க்கிறார்கள். பார்க்கச் சந்தோசம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு கேள்வி வரும்: பந்தல் கழற்றிய பிறகு அந்தக் கட்டிடத்தின் திறப்பு, அதுதான் சாவி, யார் வீட்டு ஆணியில் தொங்கும்?

நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சின்ன ஊர்க்காரன். தபால் திணைக்களத்தில் 31 வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன். எங்கள் சனசமூக நிலையத்தை இன்றைக்கும் நாங்கள் வாசிகசாலை என்றுதான் சொல்வோம். நான் சிறுவனாக இருந்தபோது அது ஓடு போட்ட ஒற்றை அறை. இரண்டு நீட்டு வாங்கு, நடுவில் ஒரு மேசை. வீரகேசரி, தினகரன், ஈழநாடு மூன்றும் வரும். ஒருவர் முன்பக்கம் வாசிக்க, எதிரில் இருப்பவர் குனிந்து பின்பக்கத்தை வாசிப்பார். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே நாவற்குழிப் பாலம் தாண்டி இடம்பெயர்ந்தபோது பூட்டிவிட்டுத்தான் போனோம். திரும்பி வந்து பார்த்தால் பூட்டு இருந்தது, கூரை இல்லை.

யுத்தம் முடிந்த பிறகு கனடாவிலும் நோர்வேயிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் காசு சேர்த்து அனுப்பினார்கள். மாபிள் பதித்த மண்டபம், சின்ன மேடை, 8 மின்விசிறி, காசு தந்தவர்களின் பெயர் வெட்டிய கல். குறை சொல்ல வரவில்லை, பனிக்குள் வேலை செய்து அனுப்பிய காசு அது. அதற்குப் பிறகு வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குத் திறந்தோம், கிராம அலுவலர் கூட்டம் வைத்தால் திறந்தோம். மிச்ச நாளெல்லாம் பூட்டு. "திறந்து விட்டால் பெடியள் பழுதாக்கிப் போடுவாங்கள்" என்பது நிர்வாகம் சொன்ன நியாயம். அந்த நிர்வாகத்தில் நானும் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் வந்தது. இரவு குளத்தடிப் பக்கம் வெள்ளம் ஏறி, பத்துப் பன்னிரண்டு குடும்பம் தலையில் படங்கைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு மண்டப வாசலில் வந்து நின்றது. திறப்பு தலைவர் வீட்டில். தலைவர் கொழும்பில், கொரோனாவால் அங்கேயே மாட்டுப்பட்டிருந்தார். வீட்டில் தனியே இருந்த அவருடைய தாயாருக்கு எந்த அலுமாரி, எந்த இலாச்சி என்று தெரியவில்லை. ஒரு மணித்தியாலம் போன் எடுத்து எடுத்துப் பார்த்தோம். கடைசியில் 17 வயதுப் பெடியன் ஒருவன் வீட்டுக்கு ஓடிப்போய் அலவாங்கு கொண்டுவந்து பூட்டை உடைத்தான். பழுதாக்குவார்கள் என்று நாங்கள் பயந்தோமே, அந்தப் பெடியளில் ஒருவன்.

தண்ணீர் வற்றிய கிழமையே புதுப்பூட்டு வாங்கி, சுன்னாகத்தில் 7 திறப்பு வெட்டுவித்தோம். ஏழு நாளுக்கு ஏழு பேர். இதில் புதுமை ஒன்றும் இல்லை. கோவிலில் மூன்றாம் திருவிழா யாருடையது, தேர் யாருடையது என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உபயகாரர் ரொறன்ரோவில் இருந்தாலும் அன்றைக்கு ஆள் பிடித்து நடத்திவிடுவார். அதே ஒழுங்குதான். முறைக்காரர் காலை ஆறரைக்குத் திறந்து, கூட்டி, பேப்பரை மேசையில் போட வேண்டும். பின்னேரம் நான்கிலிருந்து எட்டு மணிவரை மறுபடி. வர வசதிப்படாவிட்டால் மாற்று ஆள் பார்ப்பதும் அவர் பாடு. சனிக்கிழமைத் திறப்பு அந்த அலவாங்குப் பெடியனிடம் இருக்கிறது.

சிரமதானம் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கைவந்த விசயம். 1958இல் ஏ.ரி. ஆரியரத்ன தொடங்கிய சர்வோதய இயக்கம் நாடு முழுக்கக் கொண்டுபோன சொல் அது. ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு 50 பேர் வருவார்கள்; பிளேன் ரீயும் வடையும் கொடுத்தால் மத்தியானத்துக்குள் பற்றையெல்லாம் துப்புரவு. சரி, அடுத்த செவ்வாய்க்கிழமை மழைக்குள் வந்து விளக்குமாறு எடுக்க அந்த ஐம்பதில் யார்? தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிக்கெல்லாம் எங்களிடம் போட்டி உண்டு. விளக்குமாற்றுக்கு இதுவரை போட்டி வந்ததில்லை.

வரும்படி எல்லாம் கதிரையில்தான். 150 பிளாஸ்ரிக் கதிரை இருக்கிறது. செத்தவீட்டுக்கு இலவசம், கலியாணத்துக்கும் சாமத்தியவீட்டுக்கும் வாடகை. முதல் வருடம் 11 கதிரை காணாமல் போனது. அப்புறம் முதுகில் பெயின்ற்றால் இலக்கம் எழுதி, ஒரு சி.ஆர். கொப்பியில் பதிந்து கொடுக்கத் தொடங்கினோம். இப்போது 112ஆம் இலக்கம் மட்டும் வரவேண்டும். யார் வீட்டுக் கிணற்றடியில் கிடக்கிறது என்று தெரியும், கேட்கத்தான் வாய் வரவில்லை. கரண்ட் பில்லும் பேப்பர்க் காசும் இந்த வாடகையில்தான் போகிறது. 2022இல் பேப்பர் விலை ஏறிய ஏற்றத்தில் மூன்று பத்திரிகையை ஒன்றாகக் குறைத்தோம், இன்னும் கூட்ட முடியவில்லை. பெண்கள் ஏன் வருவதில்லை என்று ஒரு வருடமாகக் கூட்டத்தில் பேசிக்கொண்டே இருந்தோம். மாதர் சங்கத்தில் ஒருவர் எழும்பி, கழிப்பறைக் கதவுக்கு உள்கொண்டி இல்லை என்றார். ஆண்கள் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

இன்னொன்று. எங்கள் ஊரில் ஒரு கிலோமீற்றருக்குள் 3 சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. ஏன் மூன்று என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதுவதில்லை. எங்கள் ஏழு திறப்பில் இரண்டு இப்போது குளத்தடியாரிடம் இருக்கிறது. அதற்காக இரண்டு பெரியவர்கள் வாசிகசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் இருந்த இடத்தில் இப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் இருந்து படிக்கிறார்கள்.

வெளிநாட்டில் இருந்து உங்கள் பத்திரிகையை வாசிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். மேல்மாடி கட்டித் தரட்டோ என்று கேட்கிறீர்கள். வேண்டாம், மக்காள். அந்தக் காசில் ஒரு பங்கை நிலையத்தின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடுங்கள். வட்டியில் கரண்ட் பில் கட்டலாம், நிறுத்திய இரண்டு பேப்பரையும் திரும்ப எடுக்கலாம். வட்டிக்குக் கல்வெட்டு வைக்க முடியாது என்பது ஒரு குறைதான்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன், ஆசிரியர் அவர்களே. திறப்பு விழாப் படம் போடுங்கள், அதில் தவறில்லை. ஒரு வருடம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல், ஒரு சாதாரண புதன்கிழமை பின்னேரம் அதே கட்டிடத்துக்கு உங்கள் நிருபரை அனுப்பி இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். எங்கள் நிலையத்தில் இருந்தே தொடங்கலாம். காலையில் வருவதானால் திங்கட்கிழமை மட்டும் ஏழு மணிக்குப் பிறகு வரச் சொல்லுங்கள். அன்றைக்கு முறை என்னுடையது. முழங்கால் நோவு, சைக்கிள் கொஞ்சம் ஆறுதலாகத்தான் வரும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.