டெக்னோவைக் கொண்டுவந்த சினிமா

ஆசிரியருக்கு,

பெர்லினின் டெக்னோ இசைக் கலாச்சாரம் (மின்னணுக் கருவிகளில் உருவாகும், சீரான தாளத்தில் அதிரும் நடன இசை) 2024 மார்ச்சில் ஜெர்மனியின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1989இல் பெர்லின் சுவர் விழுந்தபின் காலிக் கிடங்குகளிலும் பழைய கடையொன்றின் நிலவறையிலும் வளர்ந்த இசை அது. சரி, அதை நம் ஊர்வரை கொண்டுவந்தது சினிமாதானே? கட்டுரை அதைத் தொடவே இல்லை. 'ரன் லோலா ரன்' (1998) என்ற ஜெர்மன் படத்துக்கு இயக்குநர் டாம் டிக்வரே இருவருடன் சேர்ந்து டெக்னோ இசை அமைத்தார்.

கல்லூரி நாட்களில் ஒரு திரைப்படச் சங்கத்தில் அதைப் பார்த்தேன். லோலா ஓட ஓட, இரும்பு நாற்காலிகள் அதிர்ந்தன. முன்வரிசையில் ஒரு பெரியவர் கடைசிவரை காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மடிக்கணினியில் பார்த்தபோது அந்த அதிர்வு இல்லை, பாதிப் படமே போய்விட்டது. சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவில் இத்தகைய இசைப் படங்களுக்குத் தனிப் பிரிவு ஒதுக்கி, நல்ல ஒலியமைப்புள்ள அரங்கில் திரையிட வேண்டும்.

- வாசகர், மயிலாப்பூர்